அபாய மணியும் மறுகுரலும்

"மணி அடித்தது, காரியதரிசியும் பொத்தானை அழுத்தினார், அதற்குப் பிறகு போயிருக்க வேண்டியவர் யார்?"

பூவிருந்தவல்லிக்கு மேற்கே உள்ள ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில், 2022-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் கூடிய அங்கத்தினர் கூட்டமொன்றில், மல்லிகை பயிரிடும் ஓர் அம்மாள் எழுந்து நின்று இக்கேள்வியைக் கேட்டார். மேடையில் அமர்ந்திருந்தவர்களில் ஒருவராலும் பதில் சொல்ல இயலவில்லை. ஆய்வுக்காகச் சென்றிருந்த நாமும் உடனே விடை கூறக்கூடிய நிலையில் இல்லை என்பதை ஒளிவின்றி ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டமும் துணைவிதிகளும் கற்றவர்கள்தாம் நாம்; எனினும், இரவு இரண்டு மணிக்கு ஒரு யந்திரம் தொலைபேசியில் கூப்பிடும்போது அதற்கு 'சரி' என்று சொல்வதன் பொருள் என்ன என்பதை எந்த விதியும் நமக்குக் கற்பித்ததில்லை. அக்கேள்விக்குப் பின்னர் நாம் விசாரித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே அங்கத்தினர்கள் முன் வைக்கிறோம்.

கூட்டுறவுக் கடன் இயக்கம் நம் பகுதிக்குப் புதியதன்று. 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறிய உடனேயே, திருவள்ளூரை அடுத்த திரூரில் இந்நாட்டின் முதல் வேளாண்மைக் கடன் சங்கம் தோன்றியது. அந்நாளில் சங்கத்தின் செல்வம் பேரேடும் கடன் பத்திரங்களுமே. இந்நாளிலோ சங்கத்தின் இரும்புப் பெட்டிக்குள் அங்கத்தினர்களுடைய நகைகள் பை பையாக, எண் கட்டிய சீட்டுகளோடு அடுக்கப்பட்டிருக்கின்றன. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களில் வயல்கள் மனைகளாகவும் பட்டறைகளாகவும் மாறி, முன்பின் அறியாதார் நடமாட்டம் பெருகிவிட்டது. இராக்காவலுக்கு ஆள் அமர்த்தச் சிறு சங்கங்களால் முடிவதில்லை. ஆகவே காவல்காரர் இருந்த இடத்தில் ஒரு பெட்டி வந்து அமர்ந்திருக்கிறது.

அந்தப் பெட்டியின் அமைப்பு எளிதே. கதவிலும் ஜன்னலிலும் காந்தத் துண்டுகள், அறையின் மூலையில் உடற்சூட்டின் அசைவை உணரும் கண், இரும்புப் பெட்டியின் முதுகில் அதிர்வை உணரும் வில்லை ஆகியவற்றிலிருந்து கம்பிகள் அதற்கு வருகின்றன. இவற்றில் ஒன்று தூண்டப்பட்டால் வெளிச்சுவரில் உள்ள சைரன் அலறும். அதனோடு, பெட்டிக்குள் செருகியுள்ள சிம் கார்டின் வழியாக, முன்னரே பதிந்து வைத்த எண்களுக்கு வரிசையாகத் தொலைபேசி அழைப்பும் போகும். அழைப்பை எடுத்தால், பதிவு செய்த குரல் ஒன்று சங்கத்தில் அபாயம் என்று கூறி, ஓர் எண்ணை அழுத்தச் சொல்லும். கடையில் இதனை 'ஆட்டோ டயலர்' என்பார்கள்.

ஏன் எண்ணை அழுத்தச் சொல்கிறது? இங்கேதான் விஷயத்தின் உயிர் இருக்கிறது. வயற்காட்டில் தொலைவில் நிற்பவரை ஒருவர் கூவி அழைக்கும்போது, மறுபுறத்திலிருந்து மறுகுரல் வரும்வரை விடாமல் கூவுவார். மறுகுரல் வந்தபின் நிறுத்திவிடுவார். யந்திரமும் அப்படியே. காரியதரிசியைக் கூப்பிடும், மறுகுரல் இல்லையென்றால் காசாளரைக் கூப்பிடும், அங்கும் இல்லையென்றால் அடுத்தவரை. பட்டியல் முடிந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். எவரேனும் ஒருவர் எண்ணை அழுத்திவிட்டாலோ, யாரோ ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டார் என்று கருதிக் கூவுவதை நிறுத்திக்கொள்ளும். தபாலில் ஒப்புகைச் சீட்டு திரும்பி வருவதைப்போல இதுவும் ஓர் ஒப்புகை. தபாற்சீட்டைக் காட்டிலும் இதற்கு வலிமை அதிகம். கையெழுத்திட்ட சீட்டினால் பிறருக்குப் போகும் கடிதங்கள் நின்றுவிடுவதில்லை. இந்த ஒப்புகையினால் பிறருக்குப் போகவேண்டிய அழைப்புகள் எல்லாமே நின்றுவிடுகின்றன.

அழைப்பை எடுத்ததையே மறுகுரலாகக் கொண்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். விலை குறைந்த சில பெட்டிகள் அவ்வாறே செய்கின்றன, அது பெருந்தவறு. தூக்கக் கலக்கத்தில் வீட்டுக் குழந்தை கைபேசியை எடுத்து 'அலோ' என்றாலும், அவ்வகைப் பெட்டி தன் கடமை முடிந்ததென்று ஓய்ந்துவிடும். குறிப்பிட்ட ஓர் எண்ணையோ, நான்கு இலக்க இரகசிய எண்ணையோ அழுத்தினாலன்றி அடங்காத பெட்டியையே சங்கங்கள் வாங்க வேண்டும்.

எண்ணை அழுத்துவது எப்படித் தொலைவிலுள்ள யந்திரத்துக்குப் புரிகிறது என்பதையும் சிறிது விளக்குவோம். இது சுவையான செய்தி. சென்னையில் தொலைபேசி நிலையம் 1882-லேயே திறக்கப்பட்டது. ஆயினும் நெடுங்காலம் வழங்கிய, விரலை நுழைத்துச் சுழற்றும் வட்டுத் தொலைபேசியைக்கொண்டு இத்தகைய மறுகுரல் கொடுத்திருக்க முடியாது. வட்டைச் சுழற்றும்போது கம்பியில் ஓடும் மின்சாரம் விட்டு விட்டு அறுபடும்; அவ்வறுபடுதலை எண்ணிப் பார்ப்பது பக்கத்திலுள்ள நிலையம் மட்டுமே. பேசிக்கொண்டிருக்கும் மறுமுனைக்கு அது போய்ச் சேராது. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் தேதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துச் சிற்றூர்களில் பெல் தொலைபேசி ஸ்தாபனத்தார் பொத்தான் தொலைபேசியை வழக்கத்துக்குக் கொண்டுவந்தனர். அதில் ஒவ்வோர் எண்ணும் ஓர் ஒலி. இன்னும் சரியாகச் சொன்னால், ஒரே சமயத்தில் எழும் இரண்டு ஒலிகள். 1-ஐ அழுத்தினால் விநாடிக்கு 697 அதிர்வும் 1209 அதிர்வும் சேர்ந்து ஒலிக்கும். 9-ஐ அழுத்தினால் 852-ம் 1477-ம் ஒலிக்கும். ஒற்றை ஒலியாக இருந்தால், பேசுகிறவரின் குரலோ பக்கத்தில் பாடும் ரேடியோவோ தற்செயலாக அதனை ஒத்துவிடக்கூடும். குறித்த இரண்டு ஒலிகள் ஒன்றாக எழுவது அரிது என்பதால் இந்த ஏற்பாடு. ஒலியாக இருப்பதனால் குரல் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். ஆவடியில் அழுத்தியது திருத்தணியில் உள்ள பெட்டிக்குக் கேட்கும்.

கேட்கும் என்றாலும், எப்போதும் தெளிவாகக் கேட்கும் என்பதற்கில்லை. சிக்னல் மெலிந்த இடத்தில் குரல் கரகரப்பதுபோல இவ்வொலிகளும் சிதையும். எனவே எண்ணைத் தொட்டவுடன் விரலை எடுத்துவிடாமல் ஒரு கணம் அழுத்திப் பிடிப்பது நல்லது. பேச்சுக்கு நடுவில் எண் பலகை திரையில் தானாகத் தோன்றாது. அதைத் தனியே திறக்க வேண்டும். காதருகே பிடித்திருக்கையில் திரை அணைந்தும் போகும். பகலில் ஒருமுறையேனும் பழகிப் பார்க்காதவர் இரவில் தடுமாறுவார். வயதான ஒரு காசாளர், பெட்டி கேட்ட எண்ணை வாயினாலேயே "ஒன்று, ஒன்று" என்று மும்முறை சொல்லிவிட்டுக் காத்திருந்ததை நாம் அறிவோம். சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவருக்கு எவரும் கற்றுக்கொடுக்கவில்லை.

இனி, அந்த அம்மாளின் கேள்விக்குக் காரணமான நிகழ்ச்சியைக் கூறுவோம். சங்கத்தின் பெயர் இங்கே தேவையில்லை. மழை கொட்டிய ஓர் இரவில், இரண்டு மணிக்குச் சற்றுப் பின், சங்கத்தின் பின்ஜன்னல் கம்பியை நெம்பிச் சிலர் உள்ளே புகுந்தனர். மூலையிலிருந்த கண் அதைக் கண்டது, சைரன் அலறியது, பெட்டி காரியதரிசியை அழைத்தது. அவர் எடுத்தார், பதிவுக் குரலைக் கேட்டார், 1-ஐ அழுத்தினார், திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் அழுத்திய அக்கணமே பெட்டி ஓய்ந்தது. இரண்டாம் சாவியை வைத்திருந்த காசாளருக்கு அழைப்பே போகவில்லை. இதனினும் கொடுமை, அந்தப் பெட்டி அமைக்கப்பட்டிருந்த விதத்தில், அதே 1 சைரனையும் நிறுத்திவிட்டது. அக்கம் பக்கத்தார் எழுந்து விளக்கைப் போடுவதற்குள் ஓசை அடங்கியதால், எதோ பழுது என்று எண்ணி அவர்களும் தூங்கிவிட்டார்கள். வந்தவர்கள் விடியுமட்டும் அமைதியாக வேலை பார்த்தார்கள்.

இரும்புப் பெட்டி திறக்கவில்லை, நகைகள் தப்பின. ஆனால் பூட்டின் உள்ளுறுப்புகள் நொறுங்கிப் போயின. போலீஸ் விசாரணை முடிந்து, சென்னையிலிருந்து பூட்டுத் தொழிலாளி வந்து, சாட்சிகள் முன்னிலையில் பெட்டியைத் திறக்கப் பதினொரு நாட்கள் ஆயின. அந்தப் பதினொரு நாட்களுக்குள் வந்த முகூர்த்தத்தில் அந்த அம்மாளின் மகளுக்குத் திருமணம். அடகைத் திருப்பப் பணத்தோடு வந்து நின்றவருக்கு நகையைக் கொடுக்கச் சங்கத்தால் இயலவில்லை. நாத்தனாரிடம் இரவல் வாங்கிய சங்கிலியோடு அந்தப் பெண் மணவறையில் அமர்ந்தாள். நஷ்டம் எவ்வளவு என்ற பத்தியில் நாம் நம் அறிக்கையில் பூட்டின் விலையை மட்டுமே எழுத முடிந்தது.

காரியதரிசியைக் கேட்டோம். அவர் பொய் சொல்லவில்லை. "ஐயா, அதற்கு முந்தின பதினைந்து நாளில் மூன்று தடவை கூப்பிட்டது. மூன்று தடவையும் மழையில் நனைந்துகொண்டு போய்ப் பார்த்தேன். மூன்றும் எலி. நாலாவதும் எலிதான் என்று நினைத்துவிட்டேன்" என்றார். அவர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டுமென்று சிலர் கூச்சலிட்டார்கள். நம் கருத்து வேறு. மூன்றாவது எலிக்குப் பின்னரும் சுவரிலிருந்த பொந்தை அடைக்காத நிர்வாகத்துக்கு இதில் பெரும்பங்கு உண்டு. உடற்சூட்டை உணரும் கண்ணுக்கு எலியும் வௌவாலும் திருடனும் ஒன்றே. அதிர்வு வில்லைக்கு, நெடுஞ்சாலையில் போகும் கனரக லாரியும் கடப்பாரையும் சில சமயம் ஒன்றே. பொய் அழைப்பு ஒவ்வொன்றும் மெய்யான அழைப்பின் மதிப்பைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடுகிறது.

இது நம் சிற்றூர்ச் சங்கத்துக்கு மட்டும் உரிய குறைபாடன்று. 1994-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் தேதி பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் மில்ஃபோர்டு ஹேவன் என்னும் துறைமுகத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பெரு வெடி விபத்து நிகழ்ந்தது. விபத்துக்கு முந்திய ஏறத்தாழ 11 நிமிடங்களில் மட்டும் 275 அபாய அறிவிப்புகள் வந்து குவிந்தன என்று அரசாங்க விசாரணை கண்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் தேர்ந்த தொழிலாளர்கள். ஆனால் அத்தனை ஒப்புகைகளையும் அழுத்திக்கொண்டே, எது மெய்யான அபாயம் என்று சிந்திக்கவும் எவரால் முடியும்? அறிவிப்பை அடக்குவதே ஒரு வேலையாகிவிட்டது. நம் காரியதரிசிக்கு வந்தவை நான்குதான். மனித மனம் நான்கிலேயே சலித்துவிடுகிறது.

ஆகையால், 1-ஐ அழுத்துவதன் பொருள் என்ன என்பதைச் சங்கம் எழுத்தில் வரையறுக்க வேண்டும். 'கேட்டேன்' என்பது அதன் பொருளாக இருத்தல் கூடாது. 'நான் போகிறேன்' என்பதே அதன் பொருளாக இருத்தல் வேண்டும். போக இயலாதவர் அழுத்தவே கூடாது. வெளியூரில் இருப்பவர், காய்ச்சலில் படுத்திருப்பவர், மழையில் வண்டி எடுக்க முடியாதவர் ஆகியோர் அழைப்பைக் கேட்டுவிட்டு எண்ணை அழுத்தாமல் விட்டுவிட்டால், யந்திரம் தானாகவே அடுத்தவரிடம் போகும். அழுத்தாமல் இருப்பதும் ஒரு கடமையே என்பதை நம் காரியதரிசிகளில் பலர் அறியார். அழைப்பு வந்தால் அழுத்துவதே மரியாதை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவதாக, ஒப்புகைக்கு ஓர் ஆயுட்காலம் வேண்டும். இதை நாம் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. தொழிற்சாலைகளுக்கென்று செய்யப்படும் டயலர்களில் இந்த வசதி நெடுங்காலமாக உண்டு. ஒப்புகை கிடைத்தபின் பெட்டி ஒரு கெடு வைக்கிறது. அரைமணி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் எவரேனும் சங்கத்துக்கு நேரில் வந்து, சுவரில் உள்ள பலகையில் இரகசிய எண்ணைப் பதித்தால் சரி. பதிக்காவிட்டால், முன் கொடுத்த ஒப்புகை செல்லாது என்று கருதி மறுபடியும் எல்லோரையும் அழைக்கத் தொடங்கும். தவணை தவறிய கடனைப்போல, சொன்ன வாக்கும் காலாவதியாக வேண்டும். வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு, கடைக்காரர் முன்னிலையிலேயே அமைத்துச் சோதித்துப் பார்க்கவேண்டும். தொலைவிலிருந்து அழுத்தும் எண்ணினால் சைரன் நிற்காதபடி பிரித்து வைக்கவும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நமக்கு மிக முக்கியமாகப் படுவது. இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவிகள். இரண்டு பேர் கூடினாலன்றித் திறக்க முடியாது. இந்த இரட்டைக் காவல் முறையைத் தனி மனிதரிடம் நம்பிக்கையில்லாமல் நாம் ஏற்படுத்தவில்லை. நல்ல மனிதருக்கும் தூக்கம் வரும், மறதி வரும், ஆசை வரும் என்பதை அறிந்தே ஏற்படுத்தினோம். அங்ஙனமிருக்க, அதே பெட்டியின் அபாயத்தை ஒரே விரல் அடக்கிவிடலாம் என்பது என்ன நியாயம்? முதல் ஒப்புகை கிடைத்தபின்னும் இரண்டாம் சாவிக்காரருக்கு ஓர் அழைப்பு கட்டாயம் போகவேண்டும். பெட்டியில் அதற்கு வசதியில்லையெனில், 1-ஐ அழுத்தியவர் உடனே அவரைத் தாமே கூப்பிட வேண்டும் என்று தீர்மானம் போடலாம். நிர்வாகக் குழு உள்ள சங்கத்தில் குழுவும், தனி அலுவலர் பொறுப்பில் உள்ள சங்கத்தில் அவரும் இதைச் செய்யலாம்; செலவு ஒரு காசும் இல்லை. இரவில் தனியாகப் போவதும் ஆபத்து. பின்ஜன்னல் திறந்திருக்கக் கண்டால் உள்ளே நுழையாமல் 112-க்கு அழைத்துவிட்டு வெளியே நிற்பதே முறை.

கடன் சங்கத்தாருக்கு மட்டுமா இது என்று நெசவாளர் அங்கத்தினர்கள் எண்ண வேண்டாம். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை போன்ற தறி நகரங்களில் நூலும் துணியும் அடுக்கிய கிடங்குகளுக்குப் புகையுணரும் கருவியோடு இப்பெட்டியே பொருந்தும். அங்கு அரைமணிக் கெடு மிக அதிகம். நூல் அவ்வளவு நேரம் காத்திராது. ஐந்து நிமிடத்தில் போய்ச் சேரக்கூடிய, கிடங்கை ஒட்டிக் குடியிருப்பவரின் எண்ணே முதலாவதாக இருத்தல் வேண்டும், அவர் பதவியில் எவ்வளவு சிறியவராயினும். பட்டியலைப் பதவி வரிசையில் எழுதுவது நம்மவர் செய்யும் பெரிய பிழை.

விவசாய அங்கத்தினர்களுக்கு இவ்விஷயம் வேறொரு வடிவில் வீட்டுக்கே வந்திருக்கிறது. இரவில் மும்முனை மின்சாரம் எப்போது வருமென்று காத்திருந்து, பாம்புக்கும் இருட்டுக்கும் அஞ்சி வரப்பில் நடந்து மோட்டாரைப் போடும் துன்பத்தைப் போக்கக் கைபேசி ஸ்டார்ட்டர்கள் வந்தன. புனே நகரத்துப் பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால் ஆக்கிய 'நானோ கணேஷ்' என்னும் கருவி 2009-இல் நோக்கியா ஸ்தாபனத்தின் பரிசைப் பெற்றுப் புகழடைந்தது. மேலே விளக்கிய அதே இரட்டை ஒலிகளால்தான் அதுவும் மோட்டாரை ஓட்டியது. இன்று கிடைக்கும் பல கருவிகள் மின்சாரம் வந்ததும், கிணற்றில் நீர் வற்றி மோட்டார் வெறுமையாக ஓடினாலும், ஒரு முனை மின்சாரம் தப்பினாலும் தாமே உரிமையாளரை அழைக்கின்றன. அவர் எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும் அல்லது நிற்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைத் தயவுசெய்து இருமுறை படிக்கவும். வீட்டிலிருந்து எண்ணை அழுத்துகிறவருக்குக் கிணற்றடியில் யார் இருக்கிறார் என்பது தெரியாது. தம்பி மோட்டாரைக் கழற்றிப் பழுது பார்த்துக்கொண்டிருக்கலாம்; ஒருவர் கிணற்றுக்குள் இறங்கியிருக்கலாம். அதனால், மோட்டாரிலோ கிணற்றிலோ கை வைக்குமுன் மெயின் சுவிட்சை நிறுத்தி, மூன்று பியூஸ் கேரியர்களையும் பிடுங்கித் தம் மடியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். "அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்தேன், அவர் அழுத்தமாட்டார்" என்பது போதாது. பல ஸ்டார்ட்டர்களில் மின்சாரம் வந்தவுடன் தானே ஓடும் 'ஆட்டோ' அமைப்பும் உண்டு. அது அண்ணனைக் கேட்பதில்லை.

வேறொரு வகை அறிவிப்போடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2015 டிசம்பர் முதல் நாட்களில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்ட இரவை நம் பகுதியில் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்து சேர்வதன் அருமையை அவ்விரவுக்குப் பின் அடையாற்றுக் கரையில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் கைபேசிகள் எல்லாம் ஒரே சமயத்தில் கிறீச்சிட்டு ஒரு சோதனை அறிவிப்பைக் காட்டின. செல் கோபுரத்திலிருந்து எல்லோருக்கும் ஒருசேர ஒலிபரப்பும் முறை அது. அதிலும் நாம் 'சரி' என்பதைத் தொட்டுத்தான் ஓசையை அடக்கினோம். ஆனால் அந்தச் 'சரி' எவருக்கும் போய்ச் சேர்வதில்லை. அது நம் கைபேசியின் வாயை அடைத்ததோடு சரி. இலட்சக்கணக்கானோர்க்கு ஒரே கணத்தில் சொல்ல அதுவே ஏற்ற வழி. ஒருவரேனும் நிச்சயமாகப் போகவேண்டிய காரியத்துக்கு மறுகுரல் கேட்கும் பெட்டியே ஏற்றது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான், 1-ஐ அழுத்துவதும் ஓசையை அடக்கும் செயலென்றே பலர் நினைக்கிறார்கள்.

மற்றுமோர் இடையூறு இந்நாளுக்கே உரியது. அறியாத எண்ணிலிருந்து பதிவுக் குரல் வந்து ஓர் எண்ணை அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள் என்று போலீஸாரும் வங்கிகளும் இடையறாது எச்சரித்து வருகிறார்கள். அவ்வெச்சரிக்கை முற்றிலும் சரியானதே. ஆகவே பெட்டியின் சிம் எண்ணைப் பொறுப்பாளர்கள் அனைவரும் தம் கைபேசியில் 'சங்க அபாய மணி' என்று பெயரிட்டுச் சேமிக்க வேண்டும். இரவில் ஓசையை அடக்கி வைப்போர், அந்த ஓர் எண்ணுக்கு மட்டும் ஒலிக்கும்படி விலக்கு அளிக்கலாம். பதிவுக் குரல் அயலாருடையதாக இல்லாமல், எல்லோரும் அறிந்த ஒருவருடைய குரலாக, "நம் சங்கத்தில் பின்ஜன்னல் பக்கம் அசைவு தெரிகிறது, போகக்கூடியவர் மட்டும் ஒன்றை அழுத்தவும்" என்று தமிழில் இருத்தல் நலம். அது வங்கிக் கணக்கையோ ஓடிபி எண்ணையோ ஒருபோதும் கேளாது. கேட்டால் அது நம் பெட்டியன்று.

சிம் கார்டுக்கு ரீசார்ஜ் செய்ய மறந்து, ஊமையாகிப்போன பெட்டிகளை ஆய்வில் நாம் பல இடங்களில் கண்டிருக்கிறோம். விளக்கு மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும். பழைய பெட்டிகள் பல இரண்டாம் தலைமுறைச் சேவையில் மட்டுமே பேசும். இரண்டாம் தலைமுறைச் சேவை வழங்காத ஸ்தாபனத்தின் சிம்மை மலிவென்று வாங்கிச் செருகினால் அது ஒரு நாளும் பேசாது. உள்ளிருக்கும் பேட்டரியும் சில ஆண்டுகளில் சத்திழந்துவிடும். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியிலேயே பெட்டியை ஓடவிட்டு, கதவைத் திறந்து பார்ப்பதே நம்பத்தக்க சோதனை.

சோதனையானாலும் மெய்யானாலும் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு பதிவேட்டில் வரி வேண்டும்: அழைப்பு வந்த மணி, அழுத்தியவர், நேரில் சேர்ந்த மணி, கண்ட காரணம், காரணத்தைப் போக்க எடுத்த நடவடிக்கை. கடைசிப் பத்தியைத்தான் நாம் முதலில் பார்ப்போம். 'எலி' என்று இருமுறை எழுதியிருந்து, எதிரே 'பொந்து அடைக்கப்பட்டது' என்று இல்லாவிட்டால் ஆய்வுக் குறிப்பில் அது இடம்பெறும்.

மேலே சொன்ன சங்கத்தில் பொந்துகளை அடைத்துவிட்டார்கள். பெட்டியையும் மாற்றிவிட்டார்கள், கெடு இருபத்தைந்து நிமிடம். அதே காரியதரிசிதான் இன்னும் இருக்கிறார். சென்ற சோதனையின்போது நாமும் அறிவிக்காமல் போய் வாசலில் நின்றிருந்தோம். அவர் பதினெட்டாம் நிமிடத்தில் வந்து சேர்ந்து பலகையில் எண்ணைப் பதித்தார். இரண்டாம் சாவிக்காரர் முப்பத்தோராம் நிமிடத்தில் வந்தார். அவர் வீடு ரயில்வே கேட்டுக்கு அப்பால் இருக்கிறது, கேட் மூடியிருந்தது. இரண்டாம் சாவியைக் கேட்டுக்கு இப்புறம் குடியிருக்கும் ஒருவரிடம் மாற்றித் தருவதுபற்றி அடுத்த கூட்டத்தில் பேசவிருக்கிறார்கள்.